வாடகை வீடும் எரிவாயுவும்

படிக்க வந்த ஊரில் தங்க இடம் தேடி அலையாதவர் நம் சங்கத்தில் மிகச் சிலரே ஆவர். விடுதியில் இடம் பெற்றவர் கொடுத்து வைத்தவர். பெறாதவர் நால்வர் ஐவராகச் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடிக்கின்றனர். வீடு பார்க்கப் போகும்போது நாம் கேட்கும் கேள்விகள் யாவை? தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும்? முன்பணம் எத்தனை மாத வாடகை? இரவு பத்து மணிக்கு வாயிற் கதவைப் பூட்டி விடுவார்களா? கோழி, மீன் சமைக்கலாமா? கடைசிக் கேள்விக்குத் திருப்பதியில் என்ன விடை வரும் என்பதை நண்பர்கள் அறிவார்கள். ஆனால் அடுக்களை மூலையில் நிற்கும் சிலிண்டர் யார் பெயரில் இருக்கிறது, அதன் ரப்பர்க் குழாய் எந்த ஆண்டில் வாங்கியது, குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கேஸ் கீசரைக் கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள் என்று கேட்டவரை நான் கண்டதில்லை. முதலில் கேட்க வேண்டியவை இவையே என்பது என் துணிபு. நான் வேதியியல் மாணவன். சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும் இந்தப் பொருளில் வேதியியலும் சட்டமும் ஒரே அடுப்பில் வேகின்றன. ஆதலின் இரண்டையும் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் அதைத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. காற்றோடு நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தால் போதும். ஒரு பொறியில் பற்றிக் கொள்ளும். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரம் உள்ள அடுக்களையின் கொள்ளளவு 800 கன அடி, அதாவது ஏறத்தாழ 22,600 லிட்டர். அதில் நூற்றுக்கு இரண்டு என்றால் சுமார் 450 லிட்டர் வாயு. அதன் எடை ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. வீட்டுச் சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ. பதினான்கில் ஒரு பங்கு கசிந்தால் அறை முழுவதும் வெடிமருந்துச் சாலையாகி விடும் என்று பொருள். உண்மையில் அவ்வளவுகூட வேண்டுவதில்லை. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. அறையில் கொஞ்சமே இருந்தாலும் தரைப் பக்கம் போதிய அளவு சேர்ந்து விடும். கொசுவுக்கும் குரங்குக்கும் பயந்து நாம் ஜன்னலை அடைத்து வைக்கும் வீடுகளில் அது வெளியேற வழியே கிடையாது.

இயற்கையில் இவ்வாயுவுக்கு மணம் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நாம் முகரும் அந்த அழுகல் நாற்றம் எத்தில் மெர்க்காப்டான் என்னும் கந்தகச் சேர்மத்தினுடையது. காவலுக்காக வேண்டுமென்றே சேர்ப்பது. இதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளிக் கூடத்தின் அடித்தளத்தில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பின்னரே வாயுவுக்கு நாற்றம் ஊட்டுவது சட்டமாயிற்று. ஆனால் மூக்கு ஒரு சோம்பேறிக் காவலன். தொடர்ந்து முகர்ந்தால் பழகிப் போய் உறங்கி விடும். "இந்த வீட்டில் எப்போதுமே லேசாக வாடை அடிக்கும்" என்று சொல்லும் நண்பர்களின் வீட்டுக்கு நான் காபி குடிக்கப் போவதில்லை.

கசிவு பெரும்பாலும் குழாயில் தொடங்குகிறது. இப்போது எண்ணெய்க் கம்பெனிகள் தரும் 'சுரக்ஷா' குழாய் ஆரஞ்சு நிறத்தில், உள்ளே எஃகுக் கம்பிப் பின்னலோடு இருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். சிலிண்டருக்கும் ஆயுட் கணக்கு உண்டு. கைப்பிடிக்குக் கீழுள்ள பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் ஆண்டின் இரு இலக்கங்களும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டரை மறு சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். சோப்பு நுரையைக் குழாய் நெடுகத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது எவரும் செய்யக்கூடிய சோதனை. தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கும் வீரர்களும் உளர். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கசிவு நாற்றத்தால் தன்னைக் காட்டிக் கொடுத்து விடும். காட்டிக் கொடுக்காத பகைவன் ஒருவன் குளியலறையில் இருக்கிறான். மின் கட்டணத்துக்கு அஞ்சி வீட்டுக்காரர்கள் பலர் கேஸ் கீசரை மாட்டி வைக்கிறார்கள். வாயு நன்றாக எரிய நிறையப் பிராண வாயு வேண்டும். நாலடிக்கு ஐந்தடிக் குளியலறையில், கதவையும் ஜன்னலையும் சாத்திக் கொண்டு அதை எரித்தால் பிராண வாயு குறைந்து, கரியமில வாயு உண்டாக வேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராண வாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலாக இதைப் பற்றிக் கொள்ளும். 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் விஞ்ஞானி இதைத் தாமே சுவாசித்துத் தம் உடலில் நிகழ்ந்ததைக் குறித்து வைத்தார். சுரங்கத் தொழிலாளர் எலிகளையும் கானரிப் பறவைகளையும் உடன் கொண்டு செல்லும்படி சொன்னவரும் அவரே. முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், பிறகு கால்கள் துவளும். கதவைத் திறக்க வேண்டும் என்று மனம் நினைக்கும், கை எழாது. நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் இதற்குக் 'கேஸ் கீசர் நோய்' என்றே பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். நோய்க்கு ஒரு சாமானின் பெயரே வந்து விட்டது என்றால் அது எத்தனை பேரைத் தொட்டிருக்க வேண்டும்!

இந்தச் சாமானை வாங்கியவர் வீட்டுக்காரர், மாட்டியவர் அவர் அழைத்து வந்த ஆள், குளிப்பவர் நாம். கேடு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

பிரிட்டனில் இக் கேள்விக்கு நேரான விடை உண்டு. 1968 மே 16 விடியற் காலையில் லண்டனில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆம் மாடியில் ஐவி ஹாட்ஜ் என்ற பெண்மணி தேநீர் வைக்கத் தீக்குச்சியைக் கிழித்தார். வாயு வெடித்தது, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ் வரை சீட்டுக் கட்டுப்போல் சரிந்தது. நால்வர் இறந்தனர், அந்த அம்மையார் பிழைத்தார். கட்டடம் நியூஹாம் நகராட்சியினுடையது. அவர் வாடகைக்குக் குடியிருந்தவர். விசாரணை நடந்தபோது, அடுப்புக் குழாயை இணைத்த ஒரு தரங் குறைந்த பித்தளைத் திருகு உடைந்திருந்தது தெரிய வந்தது. பின்னாளில் வந்த 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள், வாடகைக்கு விடுபவரின் தலையில் மூன்று கடமைகளை வைத்தன. தாம் மாட்டிய சாமான்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை பதிவு பெற்ற வல்லுநரைக் கொண்டு சோதிக்க வேண்டும். சோதனைச் சீட்டின் படியை 28 நாட்களுக்குள் குடியிருப்பவரிடம் தர வேண்டும். புதிதாக வருபவருக்கு அவர் குடி புகுமுன்பே காட்ட வேண்டும். வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே அங்கு எழவில்லை. சீட்டு இருக்கிறதா, இல்லையா என்பதே பேச்சு.

கடமையை மீறிய வீட்டுக்காரர் சிறை செல்லவும் கூடும். 2015 மார்ச் 26 அன்று நியூ யார்க் நகரின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில், மேல்மாடிக் குடித்தனங்களுக்குக் கள்ளத் தனமாக வாயுவை இழுத்துக் கொடுத்த ஒரு கட்டடம் வெடித்து இருவர் இறந்தனர். உரிமையாளரான மரியா ரினென்கோ என்பவரை 2019-இல் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது.

நம் நாட்டுக்கு வருவோம். "வாடகைக்கு விடுபவர் ஆண்டுதோறும் கேஸ் சாமான்களைச் சோதித்துச் சீட்டுத் தர வேண்டும்" என்று சொல்லும் அத்தகைய விதி இங்கே இல்லை. இருப்பவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் உரிமைகள். அவற்றுள் மூத்தது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108-ஆம் பிரிவில் இரண்டு செய்திகள் நமக்கு வேண்டியவை. வீட்டில் மறைந்திருக்கும் முக்கியமான குறை ஒன்று வீட்டுக்காரருக்குத் தெரிந்து, குடி வருபவருக்குத் தெரியாமலும், சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாமலும் இருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். இஃது ஒன்று. தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்த பிறகும் தக்க காலத்துக்குள் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக் கொள்ளலாம். இது மற்றொன்று.

இரண்டாவதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் பிறந்தது. மறுமுறை படித்தபோது 'கடமைப்பட்ட' என்ற சொல் கண்ணில் பட்டது. எந்தப் பழுதுக்கு வீட்டுக்காரர் கடமைப்பட்டவர் என்பதை அப்பிரிவு சொல்லவில்லை. அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பூட்டைச் சட்டம் கொடுக்கிறது. சாவியை நாம்தான் பத்திரத்தில் எழுதிக் கொள்ள வேண்டும். "சமையல் வாயுக் குழாய், ரெகுலேட்டர், கீசர் ஆகியவற்றின் பழுது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு" என்ற ஒரு வரி இருந்தால் 108-ஆம் பிரிவுக்குப் பல் முளைக்கிறது. இல்லையேல் வெறும் ஈறு.

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இந்தப் பட்டியலைத் தானே எழுத முயன்றது. சுவர்ப் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய், மின் கம்பி ஆகியவை வீட்டுக்காரருக்கு; தண்ணீர்த் திருகு, சாக்கடை அடைப்பு, விளக்குச் சுவிட்சு போன்றவை குடியிருப்பவருக்கு. கீசர்ப் பழுது எந்தப் பக்கம் என்று நினைக்கிறீர்கள்? குடியிருப்பவர் பக்கம்! பட்டியல் எழுதியவர் மனத்தில் மின்சாரக் கீசர் இருந்திருக்க வேண்டும். மூச்சை நிறுத்தும் சாமானைத் தண்ணீர்த் திருகோடு சேர்த்து எண்ணியது எனக்கு ஒப்பவில்லை. ஆயினும் அதே சட்டத்தில் நன்மையும் உண்டு. வீட்டுக்காரர் தம் பங்குப் பழுதைச் செய்ய மறுத்தால் மாத வாடகையில் பாதிக்கு மேற்படாமல் கழித்துக் கொள்ளலாம். வீடு குடியிருக்கத் தகாததாகி, எழுத்து மூலம் கேட்டும் அவர் செய்யாவிடில் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம். குழாய் வழிச் சமையல் வாயுவும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாத இன்றியமையாச் சேவைகளுள் ஒன்றாக அதில் எண்ணப்பட்டிருக்கிறது. மாதிரிச் சட்டம் மாநிலங்களைத் தானாகக் கட்டுவதில்லை. ஆந்திரத்தில் 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இடத்தில் 2017-ஆம் ஆண்டின் பெயரால் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எச் சட்டமாயினும் முதலில் கேட்பது ஒன்றையே: எழுத்தில் இருக்கிறதா?

எழுத்து என்றதும் சித்தூர் நினைவு வருகிறது. அங்கே என் தாய்மாமன் குடும்பம் ஒரு லைன் வீட்டில் இருக்கிறது. ஒரே கூரை, ஒரே தாழ்வாரம், ஐந்து குடித்தனம், ஐந்து சிலிண்டர். ஒரு வீட்டில் கசிந்தால் ஐந்து வீடும் போகும். மாங்காய்க் காலத்தில் கூழ் ஆலைகளுக்கு வேலைக்கு வருவோர் இத்தகைய வீடுகளில் நிரம்பி விடுகின்றனர். வீட்டுக்காரருக்கும் அவர்களுக்கும் இடையே வாய்ச் சொல்லே பத்திரம். "ஒப்பந்தம் எழுதிக் கேளுங்கள், மாமா" என்றேன். "இருபது வருஷப் பழக்கம். அவரிடம் போய்க் காகிதம் கேட்டால் நம்மை என்னவென்று நினைப்பார்?" என்றார். அவர் சொன்னதை நான் சிரித்துத் தள்ளவில்லை. இரண்டு மொழி பேசும் எல்லையூரில், பிழைக்க வந்தவனுக்கு வீட்டுக்காரரின் நல்லெண்ணமே பெரிய சொத்து. ஆனால் அந்த நல்லெண்ணம் காப்பீட்டு அலுவலகத்தில் செல்லாது.

காப்பீடு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று கம்பெனிகளும் தம் வாடிக்கையாளருக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்துள்ளன. நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டுவதில்லை. வாயுவே காரணமான விபத்தில் இறந்தவர் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை, பொருட் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்பது கம்பெனிகள் அறிவித்துள்ள அளவு. இந்தக் கடைசி இனத்துக்கு ஒரு நிபந்தனை ஒட்டிக் கொண்டிருக்கிறது: சேதம் நேர்ந்தது, இணைப்புப் பதிவான முகவரியில் இருக்க வேண்டும்.

இனி நாங்கள் குடியிருக்கும் திருப்பதி வீட்டின் கதையைச் சொல்கிறேன். அடுக்களைச் சிலிண்டர் வீட்டுக்காரரின் மருமகன் பெயரில் இருந்தது; பதிவான முகவரி வேறோர் ஊர். புதுச் சிலிண்டர் வந்தால் கொண்டு வருபவரிடம் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டுமல்லவா? அந்த எண் மருமகனின் கைப்பேசிக்குப் போகும். அவரோ பகலில் தூங்குபவர். அவரை எழுப்பி எண்ணைக் கேட்டுச் சொல்வதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். நண்பர்களுக்கு இது வேடிக்கை. வெடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்த போது வேடிக்கை போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுபோல் நெருப்பு எங்கள் வீட்டில், காப்பீடு வேறோர் ஊரில்! எங்கள் புத்தகங்களும் மடிக்கணினிகளும் எவர் கணக்கிலும் வாரா. போதாக்குறைக்கு, ஒருவர் பெயரிலுள்ள இணைப்பைப் பிறர் கையில் விடுவதைக் கம்பெனிகள் ஏற்பதில்லை.

குழாயோ பழைய கறுப்பு ரப்பர். வளைத்தால் விரல் நகம் போல் வெடிப்புத் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னோம். "ஆறு வருஷமா இருக்குது தம்பி, ஒண்ணும் ஆகலே" என்றார். மீண்டும் சொன்னோம், "பார்க்கலாம்" என்றார். பிறகு தெலுங்கு நன்கறிந்த அறைத் தோழர் ஒருவரைக் கொண்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். குழாயின் நிலை, கீசர் உள்ள குளியலறையில் காற்றுத் துவாரம் இல்லாமை, நாங்கள் வாய்மொழியாகச் சொன்ன இரண்டு நாட்கள், பதினைந்து நாளில் சரி செய்ய வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவே அதில் இருந்தன. கோபச் சொல் ஒன்றும் இல்லை. நால்வரும் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினோம். அடுத்த தெருவிலிருக்கும் மனிதருக்குத் தபாலா என்று ஒரு நண்பர் சிரித்தார். நேரில் கொடுத்த காகிதம் தொலைந்து போகும். தபால் நிலையத்தின் முத்திரை தொலையாது.

நான்காம் நாள் புதுக் குழாயும் புது ரெகுலேட்டரும் வந்தன. கீசர் மட்டும் அசையவில்லை. சுவரில் துளை போட்டால் வீட்டின் அழகு கெடும் என்றார். நாங்கள் அதைத் தொடுவதில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிக்கிறோம். அடுத்த பதினொரு மாத ஒப்பந்தம் எழுதும்போது கீசரைக் கழற்ற வேண்டும் அல்லது துளை போட வேண்டும் என்று கேட்கப் போகிறோம். இசைவாரா என்பது எனக்கே ஐயம்தான். மாணவருக்கு வீடு கொடுக்க ஒருவர் மறுத்தால் அவரைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை என்பதை மறைத்துப் பயனில்லை.

சிலிண்டர் விஷயத்தில் வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டிய தேவையே இல்லை. வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாகக் காட்டி நம் பெயரில் இணைப்புப் பெறலாம். ஒப்பந்தம் இல்லாதவருக்கும் வழி உண்டு. அடையாளச் சான்று ஒன்றை மட்டும் காட்டி 5 கிலோச் சிலிண்டர் வாங்கலாம். இந்தியன் ஆயில் அதைச் 'சோட்டு' என்ற பெயரில் விற்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த தொழிலாளரையும் மாணவரையும் எண்ணியே அது வந்தது. சித்தூர் மாமாவுக்கு நான் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். இதற்கு யாருடைய மனமும் நோக வேண்டியதில்லை.

தண்டனைச் சட்டத்தை ஒரு வரியில் முடித்து விடலாம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 287-ஆம் பிரிவு தீயையும் எரியக்கூடிய பொருளையும் அசட்டையாகக் கையாள்வதைக் குற்றம் என்கிறது. 106-ஆம் பிரிவு அசட்டையால் நேரும் மரணத்தைப் பற்றியது. இரண்டும் பெரும்பாலும் நெருப்பு அணைந்த பின்னரே வருபவை. அப்போதும் "எனக்குத் தெரியாது" என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை மறுக்க உதவுவது நாம் முன்பே அனுப்பிய கடிதமே.

நம் பகுதியில் இன்னொரு மாற்றமும் வந்து கொண்டிருக்கிறது. குழாய் வழி இயற்கை வாயு வழங்குவதற்காகச் சித்தூர், கோலார், வேலூர் மாவட்டங்களை ஒரே பகுதியாக வகுத்திருக்கிறார்கள். மூன்று மாநில எல்லைகளையும் வாயு தாண்டி விட்டது! அது மீத்தேன், காற்றைவிட இலேசானது, கூரைப் பக்கம் தேங்கும். ஆகவே சிலிண்டர் வீட்டுக்குத் தரையோரத் துவாரம் என்றால், குழாய் வீட்டுக்கு உச்சித் துவாரம் வேண்டும். சிலிண்டரைப்போல் குழாயை நாம் மாறிப் போகும்போது எடுத்துச் செல்ல முடியாது. அது வீட்டோடு நிற்கும். அன்று வீட்டுக்காரரின் கடமை பற்றிய கேள்வி இன்றைவிடக் கூர்மையாக எழும் என்று எதிர்பார்க்கிறேன்.

இன்றிரவே நாற்றம் வந்தால் என்ன செய்வது? சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 2016 முதல் இரவும் பகலும் இயங்கும் அவசர எண் அது. விபத்தே நேர்ந்து விட்டால் கேஸ் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் உடனே தெரிவிக்க வேண்டும்; காப்பீட்டுக் கோரிக்கை அங்கிருந்துதான் புறப்படுகிறது.

எங்கள் கடிதத்தின் தெலுங்குப் படியையும் தமிழ்ப் படியையும் பெயர்களை நீக்கிச் சங்க அறையின் அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து படி எடுத்துக் கொள்ளலாம்.